ஜவ்வாதா? சவ்வாதா?

சந்தவாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது ஜவ்வாது மலை. அதைச் சவ்வாது மலை என்றும் எழுதுகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு இதில் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைக்குத் தலைப்பு வைக்கும்போது ஏதாவது ஒன்றைத்தானே வைக்க முடியும்? அதை யார் முடிவு செய்வது?

முன்பு இதற்குப் பதில் சுலபம். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. அதற்கு முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். எந்தச் சொல், எந்த எழுத்து என்று சொல்ல ஓர் ஆசிரியர் குழு இருந்தது.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அப்படி ஒரு குழு கிடையாது. சம்பளம் இல்லை, முதலாளியும் இல்லை! அதை ஆரம்பத்தில் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணத்துக்காரரான இ. மயூரநாதன். (இதற்காக 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது.) பிறகு தமிழ்நாடு, இலங்கை, கனடா, சிங்கப்பூர் என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்த் தமிழையும் கொண்டு வந்தார்கள். அங்கேதான் வந்தது சிக்கல்!

நமக்கு 'தேதி', அவர்களுக்கு 'திகதி'. நமக்கு 'டொராண்டோ', அவர்களுக்கு 'ரொறன்ரோ'. இரண்டுமே தமிழ்தான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் 'பிழை' என்று திருத்தினால் என்ன ஆகும்? சும்மா எழுத வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். அவரைத் தடுத்து நிறுத்தச் சம்பளமும் கிடையாதே!

இதைவிடப் பெரிய சண்டை கிரந்த எழுத்துகளைப் பற்றியது. ஒரு தரப்பு, "கம்பரே லட்சுமணனை இலக்குவன் என்றும், விபீஷணனை வீடணன் என்றும் எழுதினார். நாம் ஏன் ஜ, ஷ எழுத வேண்டும்?" என்றது. மறு தரப்பு, "பாடப்புத்தகத்தில் ஜனவரி என்று படித்த பையன் சனவரி என்று தேடுவானா?" என்றது. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

இதையெல்லாம் பேசித் தீர்க்க அங்கே ஒரு பொதுப் பக்கம் உண்டு. அதன் பெயர் 'ஆலமரத்தடி'. நம் கிராமத்துப் பஞ்சாயத்து போலவே, கையில் அதிகாரம் இல்லாமல் பேசிப் பேசியே முடிவுக்கு வருவார்கள். ஒரு தலைப்பைத் தேடினால் இன்னொன்றுக்குக் கொண்டுபோய் விடும் 'வழிமாற்று' என்ற வசதியும் கைகொடுத்தது. எந்த எழுத்தில் தேடினாலும் கட்டுரை கிடைத்துவிடும்.

முடிவு எப்படி இருந்தது என்பதற்கு மாதப் பெயர்களே சாட்சி. 'சனவரி', 'சூலை' என்பவை கிரந்தம் வேண்டாம் என்றவர்கள் பக்கம். 'பெப்ரவரி' இலங்கை வழக்கு, 'அக்டோபர்' தமிழ்நாட்டு வழக்கு. அதே தளத்தில் ஜெயலலிதா ஜெயலலிதாவாகவே இருக்கிறார். கறாராகப் பார்த்தால் இது ஒழுங்கே இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது இதில் தெரிகிறது.

விட்டுக்கொடுக்காவிட்டால்? செர்பியம், குரோவாசியம், போசுனியம் மூன்றும் பேசினால் ஒருவருக்கொருவர் புரியக்கூடியவை. ஆனாலும் விக்கிப்பீடியா தனித்தனி. இது போதாதென்று 'செர்போ-குரோவாசியம்' என்று நான்காவதாக ஒன்றும் உண்டு! தமிழில் அப்படிப் பிரியவில்லை. 2017-இல் ஒரே தளத்தில் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது.

ஜ பெரிதா, ச பெரிதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஓயாவிட்டால் என்ன? மலை ஒன்றுதானே!