கிள்ளான் பள்ளத்தாக்கின் காப்புக்காடுகளில் சாலை, நடைவழி விதிகள்

கோலாலம்பூரையும் அதைச் சுற்றிய சிலாங்கூர் மாநிலப் பகுதிகளையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில், காப்புக்காட்டுக்குள் யார் நுழையலாம், எந்த வண்டி ஓடலாம், எங்கே சாலை போடலாம் என்பதை ஒரே சட்டம் தீர்மானிப்பதில்லை. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் அடிப்படை. சிலாங்கூர் அதில் செய்துகொண்ட திருத்தங்கள், நகராட்சிகளின் பூங்கா விதிகள், நில எடுப்புச் சட்டம் ஆகியவையும் அதோடு சேர்ந்து நடைமுறைக்கு வருகின்றன. மலேசிய அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில் உள்ளன. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 அன்று கூட்டரசுப் பிரதேசமானதால், அதன் எல்லைக்குள் இருக்கும் காடுகளுக்கு மட்டும் கூட்டரசு அரசாங்கமே பொறுப்பு.

இந்த விதிகளின் நூற்றாண்டு வரலாற்றில் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. காலால் நடப்பவருக்குச் சட்டம் நேரடியான தடை விதிக்கிறது, மீறினால் தண்டிக்கிறது. பெருஞ்சாலை வரும்போது தடை மீறப்படுவதே இல்லை. சாலைக்கு வேண்டிய நிலம் முதலில் காப்பிலிருந்து நீக்கப்பட்டு, பிறகு தார் போடப்படுகிறது. ஆகவே இங்கே காட்டைக் காப்பதில் முதலிடம் பெற வேண்டியது, நில நீக்கத்தைக் கட்டுப்படுத்தும் விதிதான்.

தொடக்கம்

சுங்கை பூலோ காப்புக்காடு 1898இல் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 1901இல் பர்மாவில் பணியாற்றிய பர்ன்-மர்டாக் மலாயாவின் முதல் தலைமை வன அதிகாரியாக வந்தார். அதன் பிறகு அறிவிப்புகள் வேகம் பிடித்தன. 1906இல் புக்கிட் நானாஸ், பூச்சோங் அருகே ஆயர் ஹீத்தாம், 1909இல் ஷா ஆலாம் பக்கம் புக்கிட் செராக்கா என்று வரிசையாகக் காடுகள் காப்புக்குள் வந்தன. இயற்கைப் பாதுகாப்பு என்று இன்று சொல்லப்படுவது அன்றைய நோக்கமாக இருக்கவில்லை. ஈயச் சுரங்கத்துக்கும் ரயில் எஞ்சினுக்கும் விறகு தீர்ந்துபோகக்கூடாது, கட்டட மரம் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே கவலை. எனவே வழிகளைப் பற்றிய அன்றைய விதிகளும் மரத்தை எப்படி வெளியே கொண்டுவருவது, அதற்கு யார் கட்டணம் கட்டுவது என்பதைச் சுற்றியே அமைந்தன.

அந்த விறகை எரித்து ஓடிய ரயில்களின் பணிமனையும் தொழிலாளர் குடியிருப்பும் பிரிக்பீல்ட்ஸில் இருந்தன. தண்டவாளம் பதித்தவர்களிலும், பொதுப்பணி இலாகாவின் சாலைக் கூட்டங்களில் கல் உடைத்தவர்களிலும் பெரும்பகுதியினர் தமிழர்கள். ரப்பர் விலை ஏறியபோது காப்புக்காட்டின் விளிம்பு வரை தோட்டங்கள் வந்தன. விடியும் முன் பால்வெட்டுக்குப் போனவர்களின் கால் பட்டுத் தேய்ந்த செம்மண் தடங்கள் காட்டோரத்தில் வலைபோலப் பரவின. இன்று வார இறுதியில் மக்கள் ஏறும் மலைப்பாதைகளில் பல அந்தத் தடங்களே. 1938இல் கோலாலம்பூரில் தொடங்கிய ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் ஓட்டக் குழு, காகிதத் துண்டுகளைத் தூவி வழி காட்டிக்கொண்டு ஓடியதும் இவ்வகைத் தோட்டங்களின் ஊடாகத்தான். அந்த ஓட்டம் பின்னர் உலகெங்கும் பரவியது.

காட்டுக்குள் முதலில் வழி வைத்திருந்தவர்கள் தெமுவான் உள்ளிட்ட ஒராங் அஸ்லி பழங்குடி மக்கள். அவர்களுடைய பாதைகள் எந்த வரைபடத்திலும் உரிமையாகப் பதியப்படவில்லை. இதன் விலை 1990களில் தெரிந்தது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்காக டிங்கில் அருகே புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. சாகோங் தாசியும் அவருடைய ஊராரும் தொடுத்த வழக்கில், மரபுவழி நிலமும் சொத்தே, அதற்கு உரிய இழப்பீடு தரப்பட வேண்டும் என்று 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலம் நடந்த 1948 முதல் 1960 வரை காட்டோரம் போவதே ஆபத்தான காரியம். தோட்ட மக்கள் வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அவர்களைச் சுற்றியிருந்தன. 1950களின் நடுவில் ரவாங் சாலையோரம் டெம்ப்ளர் பூங்கா அமைந்தபோதுதான், காடு மக்கள் உலாவுவதற்கும் உரிய இடம் என்ற எண்ணம் அரசாங்க ஏட்டில் ஏறியது.

1984ஆம் ஆண்டுச் சட்டம்

1978இன் தேசிய வனக் கொள்கையைத் தொடர்ந்து 1984இல் தேசிய வனச் சட்டம் வந்தது. 10ஆம் பிரிவு நிரந்தரக் காப்புக்காட்டை அதன் பயன்பாட்டின்படி வகைப்படுத்துகிறது. மரம் எடுக்கும் காடு, மண் காக்கும் காடு, வெள்ளம் தடுக்கும் காடு, நீர்ப்பிடிப்புக் காடு, கன்னிக்காடு, உல்லாசக் காடு, கல்விக் காடு, ஆய்வுக் காடு என்று பட்டியல் நீளும். எந்த வகை என்பதைப் பொறுத்தே அங்கே என்ன அனுமதிக்கப்படும் என்பது அமையும். காட்டுக்குள் சாலை அமைக்கவும், அமைந்த சாலையில் ஓட்டவும் தனி அனுமதி வேண்டும்.

மலையேறுவோர் அதிகம் கேள்விப்படுவது 47ஆம் பிரிவு. மூடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆபத்து மிகுந்த மலைகளுக்கு அனுமதியோடு மாலிம் குனோங் எனப்படும் பதிவுபெற்ற வழிகாட்டியும் துணைக்கு வர வேண்டும். கிள்ளான் கேட்ஸ் குவார்ட்ஸ் முகட்டின் மேலுள்ள புக்கிட் தாபூர் இதற்குத் தக்க உதாரணம். கத்தி முனைபோல ஒடுங்கிய பாறையில் விழுந்து இறந்தவர்கள் உண்டு. அந்த வழி மூடப்படுவதில் ஞாயம் இருக்கிறது.

11ஆம் பிரிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காப்பு அறிவிக்கப்பட்ட நோக்கத்துக்கு நிலம் இனித் தேவையில்லை, அதைவிட உயர்ந்த பொருளாதாரப் பயனுக்கு அது வேண்டும் என்று மாநில அரசு கருதினால் அதைக் காப்பிலிருந்து நீக்கலாம். அதற்கு ஈடாக ஏறத்தாழ அதே அளவு நிலத்தைக் காப்புக்காடாக்க வேண்டும் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. ஆனால் ‘இயலுமிடத்து’ என்ற சொல்லையும் அது சேர்த்துக்கொள்கிறது. சுங்கை பூலோ காப்புக்காட்டின் இன்றைய நிலை, நீக்கங்கள் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைக் காட்டும். தொடக்கத்தில் 6,500 ஹெக்டேருக்கு மேல் இருந்த அந்தக் காடு, சட்டத்துக்கு முன்னும் பின்னும் துண்டு துண்டாகப் போய், கோத்தா டாமன்சாரா சமூக வனப் பூங்கா என்ற பெயரில் சுமார் 321 ஹெக்டேராக நிற்கிறது. அதுவும் அப்பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதால் 2010இல் மீண்டும் காப்புக்குள் வந்த நிலம்.

புக்கிட் நானாஸ்

நகரின் நடுவே இருக்கும் இந்தக் குன்று ஒரு சின்னப் பாடம். 1906இல் சுமார் 17 ஹெக்டேராக அறிவிக்கப்பட்டது, 1950இல் கன்னிக்காடு என்ற உயர்ந்த பாதுகாப்பும் பெற்றது. இன்று எஞ்சியிருப்பது சுமார் 9 ஹெக்டேர். 1990களில் குன்றின் உச்சியில் 421 மீட்டர் உயரக் கோலாலம்பூர் கோபுரம் எழுந்தது, அதற்கு வண்டி ஏறும் சாலையும் வந்தது. கட்டுமானத்தின்போது நூறு ஆண்டைக் கடந்த ஒரு ஜெலுத்தோங் மரத்தைக் காப்பாற்ற 4,30,000 ரிங்கிட் செலவில் தடுப்புச் சுவர் கட்டி, திட்டத்தையே சற்று மாற்றினார்கள். கோபுரத்தின் அடியில் அந்த மரம் இன்னும் நிற்கிறது. அதன் வேரடியைச் சுற்றிய சுவரைப் பார்க்கும் எவருக்கும், மனம் வைத்தால் பொறியாளரால் வளைந்து கொடுக்க முடியும் என்பது புரியும்.

நெடுஞ்சாலையும் பொது விசாரணையும்

கிழக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலைதான் இவ்வரலாற்றின் பெரிய வழக்கு. உக்காய் பெர்டானாவிலிருந்து பண்டார் சுங்கை லோங் வரை சுமார் 24 கிலோமீட்டர் நீளும் அதன் முதற்கட்டம், அம்பாங், உலு கோம்பாக், உலு லங்காட் காப்புக்காடுகளின் ஓரத்தை வெட்டிச் செல்கிறது. இக்காடுகள் சிலாங்கூர் மாநிலப் பூங்காவின் பகுதிகள். தலைநகர மக்களின் குழாய் நீருக்கு ஊற்றான நீர்ப்பிடிப்பும் இவைதான். இயற்கைச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தன. முடிவில் சுமார் 106 ஹெக்டேர் காப்பிலிருந்து நீக்கப்பட்டது. 2015இல் வேலை தொடங்கியது.

106 ஹெக்டேர் என்பது பார்வைக்குச் சிறிய கணக்கு. காட்டில் சாலை செய்யும் சேதம் அதன் அகலத்தோடு நிற்பதில்லை. மேற்கூரை பிளந்த இடத்தில் வெயிலும் காற்றும் இறங்கி விளிம்பு மரங்களை உலர்த்துகின்றன, கொடிகள் ஏறிக்கொள்கின்றன. வெட்டிய சரிவிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து ஓடையில் இறங்குகிறது. மர உச்சியிலேயே வாழும் குரங்கினத்துக்கு நான்கு தடச் சாலை கடக்க முடியாத எல்லை. சாலை வந்த பிறகு அதன் ஓரத்தில் வீடமைப்பு வரும் என்பது இப்பள்ளத்தாக்கில் எல்லாரும் கண்ட உண்மை.

2011இல் சிலாங்கூர் செய்த திருத்தம் இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டது. காப்பு நீக்கத்துக்கு முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று அது சொன்னது. அதன் பலனும் வரம்பும் கோல லங்காட் வடக்குக் காப்புக்காட்டில் வெளிப்பட்டன. சதுப்புக் கரிமண் காடான அதை நீக்கும் அறிவிப்பு 2020 பிப்ரவரியில் நாளிதழில் வந்து, 30 நாள் அவகாசம் தரப்பட்டது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. அப்படியும் ஒரு பகுதி நீக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் இறுதியில் சட்டமன்றத்தில் அச்செய்தி வெளியானபோது எழுந்த எதிர்ப்பைத் தாங்காமல், செப்டம்பரில் மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது.

புக்கிட் செராக்காவில் நடந்தது வேறு. 2022 மே மாதம் 406 ஹெக்டேர் நீக்கப்பட்டதாக அரசிதழ் சொன்னது, அந்த நீக்கம் 2000ஆம் ஆண்டு நவம்பரிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகவும் சொன்னது. பின்தேதியிட்டால் பொது விசாரணைக்கு என்ன பொருள்? ஷா ஆலாம் சமூக வன ஆர்வலர்கள் இதே கேள்வியோடு நீதிமன்றம் சென்றனர். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 2022இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தேசிய வனச் சட்டத் திருத்தம், பொது விசாரணையையும் மாற்று நிலத்தையும் கட்டாயமாக்கியது.

காப்பு இல்லாத குன்று

புக்கிட் கியாரா காப்புக்காடு அல்ல, ஆகவே வனச் சட்டம் அங்கே துணைக்கு வராது. பழைய ரப்பர் தோட்டமான அக்குன்றின் பாதைகளை நடப்போரும் மலைச் சைக்கிள் ஓட்டுவோரும் தங்கள் கையாலேயே பராமரித்து வந்தனர். அதன் அடிவாரத்துத் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட 2017இல் தரப்பட்ட அனுமதியை 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது, 2023இல் கூட்டரசு நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. பூங்கா தப்பியது. ஆனால் தோட்டம் மூடப்பட்டபின் 1980களில் ‘தற்காலிகமாக’ வரிசை வீடுகளில் வைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கான புது வீடும் அதே திட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. பசுமைக்கும் ஏழையின் கூரைக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது பெரும் அநீதி.

நடைவழிகளின் இன்றைய நிலை

2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி சாலையோர முகாமில் மண் சரிந்து 31 பேர் மாண்டனர். உடனே ஆபத்தான மலைப்பாதைகளையும் நான்கு சக்கர வண்டித் தடங்களையும் வனத்துறை நாடெங்கும் தற்காலிகமாக மூடியது. அதன்பின் வழிகளை ஆபத்தின் அளவுப்படி பிரித்துப் பார்க்கும் பழக்கம் வலுப்பட்டது. 1,493 மீட்டர் உயரக் குனோங் நுவாங்குக்கு உலு லங்காட் பக்கத்திலிருந்து ஏறுவோர், தொடக்கத்தில் பல கிலோமீட்டருக்கு வண்டி போகும் அகலமான மண் சாலையில் நடக்க வேண்டும். மலையேறிகள் அதை முடிவில்லாச் சாலை என்பார்கள். மழைக்காலத்தில் அதன் ஓரக் கால்வாய் அடைத்துக்கொண்டால், நீர் சாலை நடுவே பாய்ந்து பள்ளம் பறித்துவிடுகிறது.

பிற நாடுகள் சாலைக்கே நேர்த்தடை விதித்துப் பார்த்திருக்கின்றன. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம் காப்பு நிலத்தில் நிரந்தரச் சாலையைத் தடுக்கிறது. கர்நாடகத்தின் பந்திப்பூரில் 2009 முதலும், தமிழ்நாட்டின் திம்பம் மலைச்சாலையில் 2022 முதலும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உள்ளது. கிள்ளான் பள்ளத்தாக்கில் காட்டை ஒட்டிச் செல்லும் சாலைகளிலும் இதைப் பரிசீலிக்கலாம்.

மலையேறப் போகிறவர்கள் அனுமதிச் சீட்டை முறையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, காப்பு நீக்க அறிவிப்பு நாளிதழில் வரும்போது அதைப் படித்து, கெடுவுக்குள் உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்புங்கள்.