இன்னொரு காரின் வில்லும் சொக் அப்சோபரும்: வீட்டுக் கராச்சில் மாற்றுபவர்கள் அளக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களில் முழுக்க முழுக்கத் தன் சொந்தப் பாகங்களோடு ஓடும் கார் அரிது. ஒன்றின் வில்லு இன்னொன்றில் இருக்கும். வானின் சொக் அப்சோபர் காரில் இருக்கும். இது பொழுதுபோக்காக வந்த பழக்கம் இல்லை. 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கிய பின் வடக்கு மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருள், பற்றரி, சீமெந்து ஆகியவற்றோடு வாகன உதிரிப்பாகங்களும் அடங்கின. காருக்குச் சில துளி பெற்றோல் காட்டி ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. அதே 1990களில் நாட்டின் தெற்கில் மொறிஸ் மைனருக்கான புதிய பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய தொழிற்சாலை ஒன்று இயங்கியது. எங்களுக்கு ஒரு றப்பர் புஷ் எடுப்பதே பெரும்பாடாக இருந்தது.

நான் தொழில் பழகியது அந்த ஆண்டுகளில்தான். பட்டறைக்கு வரும் காருக்குத் தேவையான பாகம் கடையில் இருக்காது. வளவுகளில் ஓடாமல் நிற்கும் வேறு கார்களில்தான் இருக்கும். காயப்பட்டவரையும் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவரையும் ஏற்றுகிற கார் அன்றிரவே ஓட வேண்டும். அப்போது எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: போல்ட் ஏறுதா, கார் ஓடுதா? அந்த அளவுகோல் அன்றைக்குச் சரி. வீதியில் வேகம் இல்லை, வாகனமும் இல்லை. இன்று அதே கார் ஏ9 வீதியில் பேருந்துகளுக்கும் லொறிகளுக்கும் நடுவே ஓடுகிறது. ஆனால் பல வீட்டுக் கராச்சுகளில் அளவுகோல் இன்னும் மாறவில்லை. பொருந்துவது வேறு, பொருத்தமாக இருப்பது வேறு. அந்த இடைவெளியை வீட்டில் இருக்கும் சாமான்களைக் கொண்டே அளக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் காரின் உடம்பு

பாகத்தைத் தேடுமுன் அதைத் தாங்கப்போகும் இடத்தைப் பாருங்கள். 1948இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனருக்கு லொறிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டம் கிடையாது. தகட்டு உடம்பே சட்டம். பின் வில்லு தொங்கும் இடங்களையும், முன் முறுக்குக் கம்பியின் பின்முனை பூட்டியிருக்கும் குறுக்குச் சட்டத்தையும் கம்பித் தூரிகையால் சுரண்டி, பழைய திருப்புளியால் குத்திப் பாருங்கள். கடற்காற்றுப் படும் ஊர்களில் மேலே பெயின்ற் பளபளக்க உள்ளே கறள் தின்றிருக்கும். திருப்புளி உள்ளே இறங்கினால், வில்லு மாற்றும் வேலையை நிறுத்தித் தகட்டு வேலையைத் தொடங்குங்கள். இற்ற தகட்டில் பலமான வில்லைப் பூட்டினால் அது தகட்டைப் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

வில்லின் பலத்தை அறிவது

கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும் இரண்டு வில்லுகள் பலத்தில் வெகுதூரம் வேறுபடலாம். சுருள் வில்லின் பலம் கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்கோடு ஏறும். 12 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதில் 13 மில்லிமீற்றர் கம்பி என்றால், மற்ற அளவுகள் ஒன்றாக இருந்தாலும் பலம் ஏறத்தாழ 38 வீதம் கூடும். மைனரின் முறுக்குக் கம்பிக்கும் இதே கணக்கு: தடிப்பு 10 வீதம் கூடினால் பலம் 46 வீதம் கூடும். தட்டு வில்லில் ஒவ்வொரு தட்டின் பலமும் தடிப்பின் மூன்றாம் அடுக்கோடு ஏறும். ஆகவே பாகம் கழற்றப் போகும்போது ரேப் மட்டும் போதாது, வேணியர் கலிப்பரும் கொண்டு போங்கள்.

சுருள் வில்லை வெட்டிக் குட்டையாக்குவது இங்கே பழைய பழக்கம். வெட்டினால் கார் பதியும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெட்டிய வில்லு பலமும் கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வேலை செய்யும் எட்டுச் சுற்றில் இரண்டை வெட்டினால் மீதி ஆறு சுற்றும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பாகும். காஸ் சுடரால் சூடாக்கி வில்லைப் பதிப்பது அதைவிட மோசம். உருக்கின் பதம் போய்விடும், பிறகு அது எங்கே முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு சுருள் வில்லுகளை ஒப்பிட ஒரு எளிய வழி உண்டு. ஒன்றின் மேல் ஒன்றை நிறுத்துங்கள். நடுவிலும் இரு முனைகளிலும் தடித்த இரும்புத் தட்டுகளை வையுங்கள். எல்லாவற்றின் மையத்தூடாகவும் ஒரு பலமான மரைக்கம்பியைச் செலுத்தி நட்டை மெல்ல முறுக்குங்கள். இரண்டின் மீதும் ஒரே விசைதான் விழும். பழையது 12 மில்லிமீற்றர் குறுகியபோது மற்றையது 9 மில்லிமீற்றர்தான் குறுகியது என்றால், மற்றையது 12ஐ 9ஆல் பிரித்த அளவு, அதாவது 1.33 மடங்கு விறைப்பு. அந்த அளவோடு நிறுத்திவிடுங்கள். சுருள் வில்லைக் காரில் இருந்து கழற்றும்போது கம்பியாலோ கயிற்றாலோ கட்டிச் சமாளிக்கக் கூடாது. அதற்கென்று உள்ள அமுக்கியை இரவல் வாங்கியாவது பாவியுங்கள்.

பின் தட்டு வில்லுக்குச் சீமெந்துப் பை போதும். காரைச் சமதரையில் நிறுத்தி, பின்பக்கத்தை இரண்டு மூன்று தடவை அமுக்கி விட்டு, சில்லின் மையத்தில் இருந்து மட்காட் விளிம்பு வரை அளவெடுங்கள். பின் அக்சிலுக்கு நேர் மேலே 50 கிலோ சீமெந்துப் பை இரண்டை வைத்து, மறுபடி அமுக்கி விட்டு அளவெடுங்கள். 25 மில்லிமீற்றர் இறங்கியிருந்தால் ஒவ்வொரு வில்லும் மில்லிமீற்றருக்கு 2 கிலோ தாங்குகிறது. மாற்றிய பிறகும் இதையே செய்தால் என்ன மாறியது என்பது இலக்கமாகக் கையில் இருக்கும். வானின் வில்லு வானின் சுமைக்குச் செய்யப்பட்டது. இரண்டு பேர் மட்டும் போகும் காரில் அதைப் பூட்டினால் பள்ளத்தில் பின்சில்லு துள்ளும், மழையில் பின்பக்கம் இழுக்கும்.

இடம், வலம் மாறக்கூடாதவை

மைனரின் முன்பக்கத்துக்கு வேறொரு மைனரே நல்ல கொடையாளி. அப்போதும் இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். முறுக்குக் கம்பி ஒரு பக்கத்துக்கே முறுகிப் பழகியது. இடப்பக்கக் கம்பியை வலப்பக்கம் போட்டால் அது எதிர்த்திசையில் முறுகும். கார் பதியும், கம்பி முறியவும் கூடும். ஆகவே கழற்றும்போதே பெயின்றால் அடையாளம் இடுங்கள். சில்லைத் தாங்கும் கீழ்த் திருகுமூட்டும் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. இந்த மூட்டின் மரை தேய்ந்து கழன்றால் முன்சில்லு பக்கவாட்டில் மடிந்து கார் தரையில் விழும். மைனருக்கு இருக்கும் ஆபத்துகளில் இதுவே பெரியது. தேய்ந்ததை இன்னொரு தேய்ந்ததால் மாற்றாதீர்கள். இந்த ஒன்றைப் புதிதாகவே வாங்குங்கள். பூட்டிய பின், 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிப்பது என் வழக்கம்.

சொக் அப்சோபர் மாற்றுவது

இந்தக் கார்களில் முதலில் இருந்தது கை போன்ற நெம்புகோல் உள்ள எண்ணெய்ச் சொக். அது ஒழுகத் தொடங்கினால் யப்பான் காரின் குழாய்ச் சொக்கைப் போடுவதே இங்கே வழமை. பின்பக்கத்தில் அது நல்ல மாற்றம்தான். முன்பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மைனரிலும் ஏ40இலும் கேம்பிரிட்ஜிலும் முன் சொக்கின் கைதான் சில்லைப் பிடித்திருக்கும் மேல் கை. அதைக் கழற்றி எறிந்தால் சில்லுக்கு மேற்பிடி இல்லை. குழாய்ச் சொக் போட்டாலும் பழைய சொக் தன் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். அதன் தண்டிலும் போல்ட்டிலும் ஆட்டம் இருக்கவும் கூடாது.

கொடையாளிச் சொக்கில் மூன்று அளவுகளைக் குறியுங்கள்: முழுதாக நீண்ட நீளம், முழுதாகச் சுருங்கிய நீளம், இரு முனைகளிலும் உள்ள துவாரத்தின் அளவு. பிறகு காரை உயர்த்தி, சில்லு முழுதாகத் தொங்கும்போதும், றப்பர்த் தடுப்பில் முட்டும்போதும் பூட்டும் இடங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளவுங்கள். சொக்கின் இரண்டு எல்லைக்கும் உள்ளே இவை அடங்க வேண்டும். சொக் முதலில் முட்டினால் அதன் தண்டோ பூட்டிய தகடோ போய்விடும்.

சாய்வும் முக்கியம். நிமிர்ந்து நிற்கும் சொக் முழு வேலை செய்யும். 30 பாகை சாய்ந்தால் முக்கால் பங்கு, 45 பாகை சாய்ந்தால் அரைப் பங்குதான். இடமில்லை என்று படுக்கப் பூட்டிய சொக் இருந்தும் இல்லாததுதான். மேல் முனையைத் தனித் தகட்டில் துளைத்துப் பூட்டாமல், உட்புறம் தடித்த தகடு வைத்துப் பாரத்தைப் பரப்புங்கள்.

பூட்டும்போது

காரை வெறும் ஜக்கிலோ, சீமெந்துக் கல்லிலோ நிறுத்திக் கீழே போகாதீர்கள். பொள் கல் முன்னறிவித்தல் இல்லாமல் நொறுங்கும். இரும்புத் தாங்கி இல்லாவிட்டால் அகலமான பனங்குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். வில்லு, முறுக்குக் கம்பி, சில்லுத் தண்டு ஆகியவற்றில் வெல்டிங் வேண்டாம். போல்ட்டின் தலையில் 8.8 என்று இருக்கிறதா பாருங்கள். கூரைக்குப் பாவிக்கும் மரைக்கம்பியை வெட்டிப் போல்ட்டாக்க வேண்டாம். யூ போல்ட்டைக் கழற்றினால் புதிதே போடுங்கள். வில்லையும் சொக்கையும் எப்போதும் சோடியாகவே மாற்றுங்கள். றப்பர் புஷ்களின் நட்டை, கார் தன் சில்லில் நின்ற பிறகே கடைசியாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் எப்போதும் முறுகியே இருந்து கிழியும். பிறகு ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிறேக் ஹோஸ் இழுபடுகிறதா, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். முன்சில்லுகளின் நேரையும் மறுபடி பார்க்க வேண்டும்.

கடைசிச் சோதனை: ஒவ்வொரு மூலையையும் பலமாக அமுக்கி விடுங்கள். மேலே வந்து, சிறிது இறங்கி, நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஆடினால் சொக் பலவீனம். அமுக்கவே முடியாவிட்டால் பாரமான வாகனத்தின் சொக். முதல் ஓட்டத்தைத் தனியே, மெதுவாக, ஒழுங்கையில் ஓடுங்கள். 50 கிலோமீற்றரின் பின் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள்.

எழுதி வையுங்கள்

இன்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாகம் கிடைக்கிறது, வெளிநாட்டிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விலை பலருக்கு எட்டாது. எனவே ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடும் வேலை தொடரும். தடைக் காலத்தில் இந்த வேலையைச் செய்த மூத்த மெக்கானிக்மார் எதையும் எழுதி வைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் சிலர் வன்னிக்குப் போனார்கள், சிலர் கடல் கடந்தார்கள், சிலர் இல்லை. அவர்கள் கை பட்ட கார்கள் இன்னும் என் கராச்சுக்கு வருகின்றன. எந்த வில்லு எந்தக் காரினது, ஏன் அந்த இடத்தில் ஒரு தட்டுக் கூட என்று கேட்க ஆளில்லை. நானே கழற்றி, அளந்து, ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் நான் மாற்றும் ஒவ்வொரு காருக்கும் ஒரு கடதாசி எழுதி, பொலித்தீனில் சுற்றி, பொனற்றின் உட்புறம் ஒட்டிவிடுகிறேன். எந்தப் பாகம், எந்தக் காரிலிருந்து, கம்பித் தடிப்பு எவ்வளவு, சீமெந்துப் பைக்கு எவ்வளவு இறங்கியது, என்றைக்குப் பூட்டியது. ஐந்து வரி போதும். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அடுத்ததாக அந்தக் காருக்குக் கீழே படுக்கப் போகிறவர் உங்கள் மகனாகவும் இருக்கலாம், உங்களைத் தெரியாத ஒருவராகவும் இருக்கலாம்.