கொதிகலன் தொழிலாளர் காது

கொதிகலன் தொழிலாளர் காது என்பது, பேரிரைச்சலில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு ஏற்படும் கேட்கும் திறன் இழப்புக்கு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் பேசும் நாடுகளில் வழங்கிய பெயராகும். இன்றைய மருத்துவ நூல்கள் இதனை இரைச்சலால் உண்டாகும் செவித்திறன் இழப்பு என்று குறிப்பிடுகின்றன. ஒரு தொழிலின் பெயரே நோய்க்குப் பெயராக நிலைத்துவிட்டதிலிருந்து, அத்தொழிலாளரிடையே இது எவ்வளவு வழக்கமாக இருந்தது என்பதை அறியலாம்.

முற்காலக் குறிப்புகள்

இரைச்சலுக்கும் செவிக்கும் உள்ள தொடர்பு நீராவி எந்திரத்துக்கு முன்பே தெரிந்த ஒன்றுதான். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ இராமசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூலை வெளியிட்டார். 1713இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் வெனிசு நகரத்துக் கன்னார்களைப் பற்றி எழுதியுள்ளார். ஒரே பகுதியில் கூடி வாழ்ந்து, நாள் முழுவதும் செம்பைத் தட்டிக்கொண்டிருந்த அவர்களுக்குக் காது மந்தமாகி, முதுமையில் முற்றிலும் கேளாமல் போயிற்று என்பது அவருடைய குறிப்பு. 1831இல் பிரித்தானிய மருத்துவர் பாசுபுரூக், கொல்லர்களிடமும் இதே குறையைக் கண்டு எழுதினார். ஆயினும் இவை மருத்துவர் கண்ட செய்திகளாகவே நின்றன. அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

தாமசு பாரின் ஆய்வு

எண்ணிப் பார்க்கும் வேலையை 1886இல் செய்தார் கிளாசுகோ நகரின் காது மருத்துவர் தாமசு பார். கிளைடு ஆற்றங்கரையின் கப்பல் கட்டும் தளங்களும் கொதிகலன் பட்டறைகளும் அப்போது முழுவீச்சில் இயங்கிக்கொண்டிருந்தன. இரும்புத் தகடுகளைப் பற்றவைக்கும் முறை வராத காலம் அது. தகடுகளில் துளையிட்டு, செந்நிறமாகக் காய்ச்சிய தறையாணிகளைச் செருகி, சம்மட்டியால் அடித்துத் தலைப்பை உருவாக்குவார்கள். வெளியே இருவர் அடிக்க, ஆணி பின்வாங்காதபடி உள்ளிருந்து ஒருவர் கனத்த இரும்பை முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்க வேண்டும். கோவில் மணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, வெளியே அடிக்கச் சொன்னால் எப்படியிருக்கும் என்று எண்ணினால் அவருடைய நிலை ஒருவாறு விளங்கும். ஒரு நாழிகைக்கு அல்ல, நாள் முழுவதும்.

பார், கொதிகலன் தொழிலாளர் 100 பேர், இரும்பு வார்ப்படத் தொழிலாளர் 100 பேர், தபால்காரர் 100 பேர் என மூன்று குழுக்களைச் சோதித்தார். கருவி, ஒரு சட்டைப்பைக் கடிகாரம். அதன் 'டிக் டிக்' ஓசை எவ்வளவு தொலைவில் கேட்கிறது என்பதை அளந்தார். கொதிகலன் தொழிலாளர் நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் கேட்கும் திறன் இயல்பாக இல்லை. பொதுக்கூட்டத்தில் பேசுவது கேட்கிறதா என்றும் வினவினார். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சிரமம் என்றோ கேட்பதே இல்லை என்றோ சொன்னார்கள். தெருவில் நடந்து திரியும் தபால்காரரை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டதே இவ்வாய்வின் சிறப்பு. குறை வயதாலன்று, வேலையால் வந்தது என்பதை இதற்குமேல் எளிமையாகக் காட்ட இயலாது.

கேடு நிகழும் விதம்

1890இல் ஆபர்மான் என்ற மருத்துவர், காது கேளாமல் இறந்த ஒரு உலோகத் தொழிலாளியின் உட்செவியை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நத்தை எலும்பின் அடிச்சுற்று சிதைந்திருப்பதைக் கண்டார். அங்குள்ள மயிர்க்கலங்களே ஒலி அதிர்வை நரம்புக்குச் சொல்பவை. ஒரு காதில் சுமார் 15,000 மட்டுமே உள்ளன; மனிதரில் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும்போது காதில் 'ஙொய்' என்று இரைவது இக்கலங்கள் களைத்ததன் அறிகுறி. முதலில் மறுநாள் சரியாகிவிடும். பிறகு சரியாவதில்லை.

முதலில் அழிவது 4,000 ஏர்ட்சு அளவிலான உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் பகுதி. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்தவை, பல மெய்யொலிகள் உயர்ந்தவை. ஆகவே பாதிக்கப்பட்டவருக்குப் பேச்சு கேட்கும், சொல் விளங்காது. கல்லா, பல்லா என்று தெரியாது. 'கேட்க வேண்டியது மட்டும் கேட்கும்' என்று வீட்டார் ஏளனம் செய்வது இதனால்தான். கண் தெரியாதவரிடம் இரக்கம் காட்டும் அதே ஊர் காது கேளாதவரைக் கண்டு சிரிப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம் போலும்.

கருவிகள்

பாரின் காலத்தில் இருந்தவை ஊதுகுழல் வடிவான செவிக்குழல்களே. இருபதாம் நூற்றாண்டின் மின்கருவிகள் நெடுங்காலம் தொழிலாளர் கைக்கு எட்டாத விலையில் இருந்தன. 1948இல் பிரித்தானியத் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியபோது 'மெட்ரெசுகோ' என்னும் காது கேட்கும் கருவி கட்டணமின்றி வழங்கப்பட்டது. உடலோடு அணியும் பெட்டி, அதற்குத் தனியே மின்கலம், காதுக்கு ஒரு கம்பி. இன்று இவ்வகைக் கருவி காதுமடலுக்குப் பின்னே மறைந்துவிடுகிறது. எனினும் இவ்வகைக் கருவி ஒலியைப் பெருக்கித் தரவே வல்லது. அழிந்த கலங்களின் வேலையை அது செய்யாது.

சட்டமும் இழப்பீடும்

பாரின் ஆய்வுக்குப் பின் எல்லோருக்கும் உண்மை தெரிந்திருந்தது. அதனாலேயே எவரும் ஒன்றும் செய்யவில்லை. அது தொழிலோடு பிறந்தது என்று முதலாளியும் தொழிலாளியும் ஒருசேரக் கருதினர். பிரித்தானிய அரசு 'இரைச்சலும் தொழிலாளியும்' என்ற கையேட்டை வெளியிட்டது 1963இல்தான். தொழில்சார் செவித்திறன் இழப்பு அங்கு இழப்பீட்டுக்குரிய நோயானது 1970களின் நடுவில். அதற்கும் முதலில் 20 ஆண்டு வேலைக்காலம் கேட்கப்பட்டது. இந்தியாவில் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாக இதனைச் சேர்த்திருந்தது.

1984இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரைக் கப்பல் தளத் தொழிலாளர் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. கையேடு வெளிவந்த 1963 முதற்கொண்டே முதலாளிகள் பொறுப்பு என்றும், அதற்கு முந்தைய இழப்புக்குப் பொறுப்பில்லை என்றும் நீதிபதி முடிவு செய்தார். வழக்குத் தொடுத்தவர்கள் தங்கள் கேட்கும் திறனில் பெரும்பகுதியை அந்த ஆண்டுக்கு முன்பே இழந்திருந்தார்கள்.