சம்பு நாத் டே

சம்பு நாத் டே (1915 பிப்ரவரி 1 – 1985 ஏப்ரல் 15) கல்கத்தாவைச் சேர்ந்த நோயியல் வல்லுநர். காலராக் கிருமி குடலுக்குள் சுரக்கும் நச்சே அந்த நோயின் பெரும் கழிச்சலுக்குக் காரணம் என்று 1959-இல் நிறுவியவர். இந்திய ஆய்வுக்கூடம் ஒன்றில், எளிய கருவிகளோடு செய்யப்பட்ட மருத்துவக் கண்டுபிடிப்புகளில் இதற்கு ஈடானவை மிகச் சில.

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்த டே, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1939-இல் பட்டம் பெற்றார். 1947-இல் லண்டன் சென்று, யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவப் பள்ளியில் ராய் கேமரூனிடம் ஆய்வு செய்து 1949-இல் முனைவரானார். நுரையீரலில் நீர் கோப்பது எப்படி என்பது அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று. ஊர் திரும்பியதும் காலராவைக் கையில் எடுத்தார். நீர் எங்கே, ஏன் சேர்கிறது என்று கேட்டுப் பழகிய அறிவு இந்த நோயை மற்றவர்களைவிட வேறாகப் பார்க்க உதவியிருக்க வேண்டும்.

காலராவில் அரிசி கழுநீர் போன்ற கழிச்சல் ஒரே நாளில் பல லிட்டர் வெளியேறும். கண் குழிந்து, நாடி தளர்ந்து, சிறுநீர் நின்று, சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். இதன் கிருமியை 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்த ராபர்ட் கோக், நச்சு ஒன்று இதற்குப் பின்னால் இருக்கும் என்று அப்போதே கருதினார். ஆனால் பின்னர் வந்த பலர், கிருமியின் உடலுக்குள் இருக்கும் நச்சு அது சாகும்போது வெளிப்பட்டு, இரத்தத்தில் கலந்து கெடுக்கிறது என்ற முடிவுக்கே சாய்ந்தார்கள். விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். விலங்குகள் மாண்டன, காலரா மட்டும் வரவில்லை. வளர்ந்த முயலுக்கு வாய்வழியே கிருமியைக் கொடுத்தாலும் அது நோயுறுவதில்லை. எழுபது ஆண்டுகளாக ஆய்வு இந்த இடத்தில்தான் முட்டி நின்றது.

நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது, டி. என். சட்டர்ஜியுடன் சேர்ந்து டே செய்த சோதனை 1953-இல் வெளியானது. முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை வெட்டாமல் இரு முனையிலும் நூலால் கட்டினார். கட்டுகளுக்கு இடையே கிருமி வளர்ந்த நீரை ஊசியால் ஏற்றி, குடலை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்தபோது அந்தப் பகுதி மட்டும் உப்பிப் பருத்து, உள்ளே கழுநீர் போன்ற நீர் நிறைந்திருந்தது. குடல் அசைவு கிருமியை அடித்துக்கொண்டு போகாதபடி நூல் தடுத்தது. நோய் தனக்குரிய இடத்திலேயே தன்னைக் காட்டியது. இதையொத்த முயற்சி 1915-இலேயே நடந்து மறக்கப்பட்டுக் கிடந்தது. அதை ஒரு நம்பகமான ஆய்வுமுறையாக்கியவர் டே. முயல், நூல், ஊசி என்று எந்தக் கல்லூரியிலும் கிடைக்கும் பொருள்களே அதற்குப் போதும்.

அடுத்த கேள்வி, நீரை வரவழைப்பது உயிருள்ள கிருமியா, அது வெளிவிடும் பொருளா என்பது. கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத வடிநீரை மட்டும் டே குடலுக்குள் செலுத்தினார். குடல் அப்போதும் உப்பியது. 1959 மே 30 தேதியிட்ட நேச்சர் இதழில் இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிய கட்டுரையாக இது வந்தது. இதற்கிடையே, 1956-இல் இதே முறையால் ஈ-கோலை கிருமியின் சில வகைகளும் குடலில் நீர் சேரச் செய்வதைக் காட்டியிருந்தார். குழந்தைகளையும் பயணிகளையும் வாட்டும் வயிற்றுப்போக்கில் அவ்வகைக் கிருமிகளின் பங்கு பின்னர்தான் தெளிவாகப் புரிந்தது.

நச்சைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தவர்கள் அமெரிக்காவின் ஃபிங்கல்ஸ்டைனும் லோஸ்பலுட்டோவும், ஆண்டு 1969. குடல் உயிரணுவுக்குள் புகும் நச்சு, சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளை அளவின்றிப் பெருக்குகிறது. அதனால் குளோரைடு வெளியே கொட்ட, பின்னாலேயே சோடியமும் நீரும் போகின்றன. குடற்சுவர் அழிவதில்லை, குளுக்கோஸோடு சேர்ந்து உப்பு உள்ளே போகும் வழியும் அடைபடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் காலரா நோயாளியைக் காப்பாற்றுவது இதனால்தான்.

டே 1955 முதல் 1973-இல் ஓய்வு பெறும்வரை கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் துறைத் தலைவராக இருந்தார். 1978-இல் நோபல் அறக்கட்டளையின் காலரா கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். அமெரிக்க மரபியல் அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் ஒருமுறைக்கு மேல் நோபல் பரிசுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்திருந்தார். சொந்த நாட்டின் அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. பெங்களூரின் கரண்ட் சயின்ஸ் இதழ் 1990-இல் அவருக்காகச் சிறப்பிதழ் வெளியிட்டபோது, அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.