ஸிஸரோ கண்ட இராஜநீதி

ரோமாபுரியின் சரித்திரத்தில் வாள்வலியாற் புகழ் பெற்றோர் பலர். நாவன்மையாற் புகழ் பெற்றோர் சிலரே. அச்சிலருள் தலையாயவர் மார்க்கஸ் துல்லியஸ் ஸிஸரோ என்பார். கி. மு. 106-ஆம் ஆண்டில் ஆர்ப்பினம் என்னும் சிற்றூரிற் பிறந்த இவருடைய முன்னோருள் எவரும் ரோமாபுரியில் உயர்பதவி வகித்தவரல்லர். கல்வியும் உழைப்புமே துணையாக, கி. மு. 63-இல் அக்குடியரசின் தலைமைப் பதவியாகிய கான்ஸல் பதவியை எய்தினார்.

கி. மு. 44-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் நாள் ஜூலியஸ் ஸீஸர் கொலையுண்டார். குடியரசு மீளுமோ, வேறொரு தனியாட்சி தோன்றுமோ என்று நாடு தத்தளித்த அவ்வாண்டின் பிற்பகுதியில், ஆதென்ஸ் நகரிற் கல்வி பயின்றுகொண்டிருந்த தம் புதல்வனுக்கு ஸிஸரோ ஒரு நூல் எழுதினார். 'கடமைகள்' என வழங்கும் அந்நூல் மூன்று பாகங்களை உடையது.

அரசியலைப்பற்றி அவர் கூறியதன் சாரம் இது: ஆட்சி புரிதல் மைனர் சொத்தைப் பராமரித்தல் போன்றது. கார்டியனாக நியமிக்கப்பட்டவன், ஒப்புவிக்கப்பட்டவனுடைய நன்மையையே நாடவேண்டும். தன் நன்மையை நாடலாகாது. அன்றியும், ஜனங்களில் ஒரு பகுதியாரைப் போற்றி மற்றொரு பகுதியாரைப் புறக்கணிப்பவன் நாட்டிற் கலகத்தை விதைப்பவனாவான். இக்கருத்துக்களைத் தாம் பிளேட்டோவினிடம் கற்றதாக அவரே ஒப்புக்கொள்கிறார். கி. மு. 51-இல் சிலிஸியா மாகாணத்திற்கு அதிகாரியாகச் சென்றபோது, குடிகளைக் கசக்கிப் பொருள் சேர்க்கும் அக்கால வழக்கத்தை விலக்கி நடந்தவர் அவர்.

அநீதி இருவகைப்படும் என்பதும் அவர் கொள்கை. பிறர்க்குத் தீங்கிழைத்தல் ஒன்று. தடுக்க வல்லவனாயிருந்தும் பிறர் இழைக்கும் தீங்கைத் தடாது வாளாவிருத்தல் மற்றொன்று. யுத்தத்தைப்பற்றியும் நூலில் விரிவாகப் பேசுகின்றார். வழக்கைப் பேசித் தீர்த்தல் மனிதர்க்குரியது. பலத்தாற் தீர்த்தல் விலங்குகட்குரியது. முன்னதற்கு இடமில்லாதபோதே பின்னதை நாடலாம். அதுவும் அநீதியின்றிச் சமாதானமாய் வாழ்தற்பொருட்டேயாகும். குறைகளைக் கேட்டு, முறைப்படி அறிவித்த பின்னரே போர் தொடங்க வேண்டும். சரணடைந்தாரைக் காக்க வேண்டும். கி. மு. 146-இல் ரோமர் கொரிந்து நகரை அழித்ததைத் தம் நாட்டார் செயலென்று மறையாது, அது நிகழாதிருந்தால் நலமென்று எழுதினார்.

சுதந்திரத்தை அடக்கி ஆள்பவர்க்கு அச்சமே துணை; அச்சமோ நெடுநாட் காவலன் அன்று என்றும், அன்பினாற் பெறும் ஆட்சியே நிலைக்கும் என்றும் அவர் வற்புறுத்தினார். ஸீஸரின் முடிவு அதற்கு அண்மைச் சான்றாயிருந்தது.

இத்துணைச் சிறந்த நெறிகளை உரைத்தவர் தாம் அதிகாரம் வகித்த காலத்தில் எவ்வாறு நடந்தார் என்பதையும் நாம் நோக்குதல் முறை. அவர் கான்ஸலாயிருந்த ஆண்டில் காட்டலைன் என்பவன் இராஜ்யத்தைக் கவிழ்க்கச் சதி செய்தான். அகப்பட்ட ஐவரை ஸிஸரோ விசாரணையின்றியே கொல்வித்தார். மரண தண்டனைக்கு எதிராக ஜனசபையிடம் முறையிடும் உரிமை ரோமப் பிரஜைகட்குச் சட்டப்படி உண்டு. ஆபத்து மெய்யே, செனேட் சபையும் இசைந்தது. ஆயினும் சட்டத்தைக் கடந்தது கடந்ததே. அதன் பயனாகக் கி. மு. 58-இல் அவர் நாடு நீங்க நேர்ந்தது. அவரது வீடும் இடிக்கப்பட்டது. மறுவருஷம் ஜனங்கள் அவரைத் திருப்பி அழைத்தனராயினும், தாம் செய்தது சரியே என்று அவர் இறுதிவரை சாதித்தார்.

விசாரணையின்றிக் கொல்லும் அவ்வழக்கம் அவரையும் விட்டுவைத்ததில்லை. அந்தோனியை எதிர்த்துச் செனேட் சபையிற் பேசியதன் காரணமாக, அவர் பெயரும் கொலைக்குரியார் பட்டியலில் ஏறிற்று. கி. மு. 43-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் அவர் கொலையுண்டார். பேசிய தலையும் எழுதிய கையும் பொது மன்றிலே வைக்கப்பட்டன.

அவரைக் கொல்வித்தோரின் அதிகாரம் அழிந்தது, நூலோ நிலைத்தது. 1465-இல் ஜெர்மனி தேசத்து மைன்ஸ் நகரில் அச்சேறி, அச்சுக்கண்ட பழைய ரோம நூல்களுள் முற்பட்டவற்றில் ஒன்றாயிற்று. நாட்டை ஆள்வோர்க்கேயன்றி, குடும்பச் சொத்தையோ பொது நிதியையோ கையாளும் எவர்க்கும் அவர் சொன்ன கார்டியன் உவமை பொருந்தும். ஆபத்துக் காலத்திலும் அதனை விடாது பற்றுதலே அரிது என்பதை அவர் நூலும் வாழ்வும் ஒருங்கே கற்பிக்கின்றன.