இலவசம் என்று ஒரு விலை

கணினி விளையாட்டைப் பற்றி இந்தக் கிழவன் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். இது காசு வசூலிக்கும் முறையின் சரித்திரம். ஆபீசில் காலமெல்லாம் ரசீதோடு மாரடித்தவனுக்கு அதில் ருசி உண்டு.

அமெரிக்காவில் பிளிசார்ட் என்று ஒரு கம்பெனி. அவர்களுடைய பேர் பெற்ற விளையாட்டு டயாப்லோ. இரண்டாம் பாகம் 2000-இலும் மூன்றாவது 2012-இலும் முதலில் கணினிக்கே வந்தன. மேசை முன்னால் ராத்திரி முழுக்க உட்காருபவர்களின் ஆட்டம் அது. விலையை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். மூன்றாம் பாகத்துக்குள் நிஜப் பணத்துக்கு ஆயுதங்களை ஏலம் விட்டுக் கமிஷனும் எடுத்துப் பார்த்தார்கள். ஆட்டமே கெட்டுப்போகிறது என்று 2014-இல் மூடினார்கள்.

இன்னொரு கூட்டம், பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் பத்து நிமிஷம் போனைத் தட்டுபவர்கள். இவர்கள் முன்பணம் தரமாட்டார்கள். அதனால் வாசலில் இலவசம், உள்ளே கடை. தென் கொரியாவின் நெக்ஸான் கம்பெனி 2000-களின் தொடக்கத்திலேயே கண்ட வழி இது. பெரும்பாலோர் சல்லிக்காசு கொடுப்பதில்லை. அள்ளிக் கொடுக்கும் சிலரை நம்பித்தான் வியாபாரம். அந்தச் சிலருக்குத் தொழிலில் வைத்திருக்கும் பெயர் 'திமிங்கிலம்'. வாடிக்கையாளரை இப்படியா அழைப்பது!

2018 நவம்பரில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் பிளிசார்டின் ரசிகர் மாநாடு. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் எல்லாம் பழைய கணினி ஆட்டக்காரர்கள். அவர்கள் முன்னால் 'டயாப்லோ இம்மார்ட்டல்' என்று போன் விளையாட்டை அறிவித்தார்கள். கணினிக்கு வருமா என்று கேட்டதற்கு, உத்தேசமில்லை என்றார்கள். அரங்கம் கூச்சலிட்டது. வடிவமைப்பாளர் வயட் செங், உங்களிடம் போன் இல்லையா என்று திருப்பிக் கேட்டார். அந்த ஒரு கேள்வி இன்றுவரை கேலிக்கு ஆளாகிறது. கல்யாண விருந்துக்கு வந்தவனிடம் பக்கத்துத் தெருப் பந்தியைக் காட்டியது போலத்தான்.

2022 ஜூனில் அது வெளிவந்தது, கடைசியில் கணினிக்கும் சேர்த்து. விளையாட இலவசம். ஆனால் அரிய ரத்தினக் கல் கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம்; வாய்ப்பைக் கூட்டப் பணம் கட்டலாம். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் மட்டும் வெளியிடவில்லை. பெல்ஜியத்தில் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் ஆணையம் இருக்கிறது. பிரெஞ்சில் அதன் பெயரிலேயே 'ழே த அஸார்' என்று வரும், அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று அர்த்தம். பள்ளியில் 'அஸார்' என்றால் தற்செயல் என்று படித்தபோது, அது வரி போடுகிற சமாசாரம் என்று எங்கள் வாத்தியார் சொல்லவில்லை. காசு கொடுத்து உள்ளே என்ன என்று தெரியாமல் திறக்கும் பெட்டி சூதாட்டமே என்று 2018-இலேயே அந்த ஆணையம் சொல்லிவிட்டது. அப்போது மாட்டியவற்றில் பிளிசார்டின் 'ஓவர்வாட்ச்' ஒன்று.

கூச்சலிட்டவர்களுக்கு நான்காம் பாகம் 2023 ஜூனில் வந்தது. விலை எழுபது டாலர். உள்ளே போய்ப் பார்த்தால் அங்கேயும் ஒரு கடை, உடுப்பும் குதிரையும் விற்கிறார்கள்.