முதுகு ஊசி பிறந்த கதை

தமிழ் பேசும் எந்த ஊரிலும் சிசேரியன் என்றதும் கர்ப்பிணிகளைக் கலங்கவைப்பது முதுகில் போடும் மயக்க ஊசிதான். "தலைவலி விடாது, முதுகு போயிடும்" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த பயம். அதில் தலைவலிக்கு ஊசியின் வயதேதான்.

1898 ஆகஸ்ட் 16. ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், ஒரு தொழிலாளியின் கணுக்கால் அறுவைக்காகத் தண்டுவட நீரில் கொக்கேய்ன் செலுத்தினார். கால் மரத்தது. அடுத்தடுத்த நோயாளிகளுக்குத் தலைவலி வந்ததால், ஆகஸ்ட் 24 அன்று உதவியாளர் ஹில்டபிராண்டிடம் தன் முதுகையே கொடுத்தார் பியர். சிரிஞ்சு ஊசியில் பொருந்தவில்லை. மருந்தோடு தண்டுவட நீரும் வழிந்து வீணானது. பிறகு பியர் ஹில்டபிராண்டுக்கு ஊசி போட்டார். 23 நிமிடம் கழித்துக் கணைக்கால் எலும்பில் இரும்புச் சுத்தியல் பட்டும் வலிக்கவில்லை. பியரோ ஒன்பது நாள் படுத்துவிட்டார். எழுந்தால் தலைவலி, படுத்தால் நிம்மதி.

மூளை மிதப்பதும் அதே தண்டுவட நீரில்தான். ஊசித் துளை வழியே நீர் கசிந்தால் மூளை சற்றுக் கீழிறங்கும், அதைச் சுற்றிய சவ்வுகள் இழுபடும், தலை வலிக்கும். 1951இல் ஹார்ட், விட்டேகர் என்ற இரு மருத்துவர்கள் பென்சில் முனை ஊசியைக் கொண்டுவந்தார்கள். சவ்வை வெட்டாமல் இழைகளை விலக்கி நுழையும் அது. மெல்லிய ஊசிகளும் வர, தலைவலி வெகுவாகக் குறைந்தது. நீண்டகால முதுகுவலிக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக நிரூபணமாகவில்லை.

முதுகு ஊசிக்கு மாற்றான முழு மயக்கத்தில் வேறு ஆபத்து இருந்தது. இரைப்பையில் உள்ளது தாயின் நுரையீரலுக்குள் போவதை 1946இல் நியூயார்க் மருத்துவர் மெண்டல்சன் விவரித்தார். முதுகு ஊசி போட்டவர் விழித்திருப்பார். குழந்தையின் முதல் அழுகையைக் கேட்பார்.

அதே நியூயார்க் மாநிலத்தின் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சிசேரியன்களை அலசி 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. முழு மயக்கம் பெற்றவர்களிடம், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கான பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான வாய்ப்பு 54 சதவீதம் அதிகமாக இருந்தது. மயக்க மருந்துதான் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. குழந்தையை உடனே அணைக்க முடியாததும், விழித்ததும் தாக்கும் வலியும் காரணமாகலாம் என்கிறார்கள்.

கடும் ரத்தப்போக்கு, ரத்தம் உறையாமை, நிமிடங்களில் குழந்தையை எடுக்கவேண்டிய நிலை என்றால் முழு மயக்கமே உயிர் காக்கும். மற்றபடி முதுகு ஊசிக்கு அஞ்ச வேண்டாம். மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். எழுந்தால் தலை வலித்தாலோ, பிரசவத்துக்குப் பின் மனம் இருண்டாலோ மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.